பெரியக்காவின் பல்

இனாமல் கோப்பையில் 'டிங்' என்று ஒரு மெல்லிய சத்தம் கேட்டது, பித்தளை மணியொன்றை நகத்தால் ஒருமுறை மட்டும் சுண்டிவிட்டதுபோல. எங்கள் பக்கத்தில் சோறு தின்னும் தட்டைத்தான் 'கோப்பை' என்போம். குசினி மூலையில், நீலக்கரை போட்ட தன் கோப்பையில் சூடை மீன் குழம்புச் சோறு தின்றுகொண்டிருந்த எங்கள் பூனை தலையை நிமிர்த்தி ஒரு கணம் யோசித்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டது. பலகையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த என் தங்கை சுகி, எச்சில் கையோடு ஓடிப்போய், பூனையின் சோற்றுக்குள் விரலை விட்டுத் துழாவி, நெல்மணி போன்ற நீண்ட மஞ்சள் பல்லொன்றை எடுத்து எங்கள் எல்லோருக்கும் உயர்த்திக் காட்டினாள். அவள் முகத்தில் கவலை ஒரு பொட்டும் இல்லை. பிள்ளை வகுப்பில் முதலாவதாக வந்துவிட்டால் தாய்மார் முகத்தில் தெரியுமே, அந்தப் பெருமைதான் இருந்தது.

அதற்குக் காரணம் இருந்தது. இரண்டு கிழமைக்கு முன்னர்தான் அவளுடைய முன்பல்லொன்று முதன்முதலாக விழுந்திருந்தது. ஐந்து வயது முடிந்து ஆறு நடந்துகொண்டிருந்த காலம். அன்றைக்கு அவள் அழுத அழுகையில் அயலட்டை முழுவதும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தது. அப்பாதான் அவளை முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், விழுந்த பல்லை ஓட்டுக் கூரைமேல் எறியச் செய்து, அணிலிடம் புதுப்பல் கேட்கவும் சொல்லிக்கொடுத்தார். அணிலும் ஏமாற்றவில்லை. பத்தாம் நாள் ஈறில் வெள்ளைக் கீற்றொன்று தெரிந்தது. ஆகவே பல் விழுவது என்பது சுகியின் கணக்கில் இழப்பு அல்ல, புதியது வரப்போகிறது என்கிற அறிவித்தல். பூனைக்கு அந்த நல்ல காலம் தொடங்கிவிட்டது என்று அவள் நினைத்தாள். பூனைக்கு வயது பதினாலு என்பதும், அதன் வாயில் அதற்கு முன்பே பல பற்கள் எங்களுக்குத் தெரியாமலே போய்விட்டிருந்தன என்பதும் அவளுக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

பூனையின் பெயர் சிமினி. எண்ணெய் லாம்பின் கண்ணாடிக் குழாயைத்தான் நாங்கள் 'சிமினி' என்போம். புகை படிந்த சிமினியைப்போல அதன் வெள்ளை முகத்தில் மூக்கைச் சுற்றி மட்டும் கரி அப்பியிருக்கும். அம்மா கலியாணம் முடித்து உடுவிலுக்கு வந்த வருடம் வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்த குட்டி அது. நான் பிறந்தபோது அதற்கு இரண்டு வயது. நான் தவழ்ந்த காலத்தில் என் பால்சோற்றை அது தின்றதும், அதன் வாலை நான் தின்னப் போனதும் எங்கள் வீட்டில் அடிக்கடி சொல்லப்படும் கதைகள்.

இந்த இரண்டு வயது வித்தியாசம் எனக்கே வினையாக வந்தது. பெரிய ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது, மரியாதையாகக் கதைக்கவேண்டும் என்று அம்மா சுகிக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஒருநாள் அவள் எல்லோருடைய வயதையும் வரிசையாகக் கேட்டாள். சிமினிக்குப் பதினாலு, எனக்குப் பன்னிரண்டு என்று அம்மாவும் யோசிக்காமல் சொல்லிவிட்டா. அன்று பின்னேரத்திலிருந்து சிமினி 'பெரியக்கா' ஆகிவிட்டது. அதுவரை வீட்டுக்கு ஒரே அக்காவாக இருந்த நான் 'சின்னக்கா' ஆக்கப்பட்டேன். பெரியக்கா, வாங்கோ. பெரியக்கா, சாப்பிட்டனீங்களோ? பெரியக்கா, கொஞ்சம் தள்ளிப் படுங்கோ. பூனைக்கு இவ்வளவு மரியாதையும், எனக்கு வெறும் "சின்னக்கா, இஞ்சை வா"வும். நான் அம்மாவிடம் முறையிட்டேன். வாய்க்குள் சிரித்துக்கொண்டு, பிள்ளை சொன்னபடிதானே செய்கிறாள், அதில் என்ன பிழை என்று அம்மா கேட்டா. வெளியில் சொல்லவில்லையே தவிர, ஒரு பூனையிடம் பதவியைப் பறிகொடுத்த கோபம் எனக்குள் நெடுநாள் கிடந்தது.

பெரியக்காவின் பல்லைக் கூரையில் எறிவதில் ஒரு சிக்கல் வந்தது. எங்கள் மாமரத்து அணில்களுக்குச் சிமினியை நன்றாகத் தெரியும். இளமையில் அது எத்தனை அணில்களைக் கவ்விக்கொண்டு வந்து அம்மாவின் காலடியில் போட்டிருக்கிறது. எந்த அணில் அதற்குப் பல் கொடுக்கும்? இதை விளையாட்டாகக் கேட்டவர் அப்பா. சுகி அதை விளையாட்டாக எடுக்கவில்லை. மத்தியானம் முழுவதும் படிக்கட்டில் குந்தியிருந்து யோசித்தாள். வெயில் தாழ்ந்ததும் பூனையை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, பின்கால்கள் நிலத்தில் இழுபட, முற்றத்தின் நடுவில் போய் நின்றாள். கூரையைப் பார்த்து உரத்த குரலில் சொன்னாள்:

"பெரியக்கா இனி உங்களைப் பிடிக்கமாட்டா. அவவுக்கு மீன் தின்னுற பல்லு மட்டும் தாங்கோ."

தோட்டத்தால் வந்து கால் கழுவிக்கொண்டிருந்த அப்பா, செம்பைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக் கோடிப்பக்கம் போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

அதன் பிறகு தினமும் காலையில் சுகி பூனையின் வாயைத் திறந்து பார்ப்பாள். சிமினி கீறக்கூடிய பூனைதான். என் கையில் அதன் அடையாளம் இன்றைக்கும் உண்டு. ஆனால் அவளுக்கு மட்டும் வாயைத் திறந்துகொண்டு கண்ணை மூடி நிற்கும். பல் முளைக்கவில்லை. மூன்றாம் கிழமை அளவில் வேறு ஏதோ நடக்கத் தொடங்கியது. கோப்பைக்குக் கிட்ட வரும், மணக்கும், ஒரு வாய் எடுக்கும், பிறகு தலையை உதறிக்கொண்டு விலகிப் போய்விடும். வாயோரத்தில் நீர் வழிந்தது. மீன்காரர் சைக்கிள் ஹோர்னை அடித்தால் நான்கு வீட்டுக்கு முன்னமே படலையடிக்குப் போய்க் காத்திருக்கும் பூனை, ஹோர்ன் சத்தம் கேட்டும் காதை மட்டும் திருப்பிவிட்டு விறகுக் கட்டின்மேல் படுத்தே கிடந்தது. அம்மா முள் எடுத்து, மீனையும் சோற்றையும் களிபோலப் பிசைந்து வைத்துப் பார்த்தா. வெள்ளிக்கிழமை மரக்கறி நாள் என்பதால் அன்றைக்குப் பாற்சொதி விட்டுக் குழைத்துக் கொடுத்தா. இரண்டு நக்கு நக்கியதோடு சரி. முதுகெலும்பு தடவினால் கையில் தட்டுப்பட்டது.

ஒரு பின்னேரம் குசினி வாசலில் அம்மாவும் அப்பாவும் தணிந்த குரலில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா சொன்னார்:

"வயசு போட்டுது. இனிக் கனநாளைக்கு இருக்காது."

நான் மட்டுமல்ல, கதவுக்குப் பின்னால் நின்ற சுகியும் அதைக் கேட்டுவிட்டாள். அவள் அழவில்லை. முகத்தைச் சுருக்கிக்கொண்டு போய்ப் பூனைக்குப் பக்கத்தில் விறகுக் கட்டில் ஏறி இருந்துகொண்டாள்.

அந்த நாட்களிலேயே சுகியின் இன்னொரு பல்லும் தொல்லை கொடுத்தது. பால்பல் விழாமல் நிற்க, அதற்குப் பின்னால் புதுப்பல் வரிசை மாறி எட்டிப் பார்த்தது. பழையதைப் பிடுங்காவிட்டால் பிள்ளைக்குப் பல்லு மிதந்து வெளியே தள்ளிவிடும் என்று அம்மாவுக்குப் பயம். தெல்லிப்பழையில் ஒரு டொக்டரம்மா சனிக்கிழமைகளில் தன் வீட்டு முன்னறையில் பல்லுப் பார்ப்பார். அங்கே கொண்டுபோவதாக அப்பா சொன்ன நாளிலிருந்து சுகி கட்டிலுக்குக் கீழே ஒளிப்பதும், தூணைக் கட்டிப்பிடிப்பதுமாக ஒரு கிழமை கடத்தினாள். பிறகு, அந்தக் குசினி வாசல் பேச்சுக்கு அடுத்த நாள், தானே அப்பாவிடம் போய்ப் பல்லுப் பிடுங்க வருவதாகச் சொன்னாள். எங்களுக்கெல்லாம் ஆச்சரியம். அவள் ஒரேயொரு நிபந்தனைதான் விதித்தாள்: மாற்றுச்சட்டையும் துவாயும் வைக்கும் பையைத் தானே அடுக்குவாள், வேறு யாரும் தொடக்கூடாது.

சனிக்கிழமை விடிந்ததும் புறப்பட்டோம். சைக்கிள் பாரில் சீலை சுற்றிய சின்ன இருக்கையில் சுகி, பின்னால் கரியரில் நான், என் மடியில் பை. அது 'உமல்' என்று நாங்கள் சொல்லும் பனையோலைப் பை, வாய் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. ஒரு சட்டைக்கும் துவாய்க்கும் அது கனம் அதிகம் என்று ஏறும்போதே நினைத்தேன். செம்மண் தோட்டங்களைத் தாண்டி பெரிய தெருவில் மிதிக்கும்போது மடியில் இளஞ்சூடு பரவியது. பிறகு உமல் மெல்ல மேலெழுந்து தாழ்ந்தது. மூச்சு. அப்பாவின் முதுகுக்குப் பின்னால் இருந்துகொண்டு நான் ஓலைப்பின்னலின் இடுக்கால் பார்த்தேன். அம்மாவின் பழைய சீலைத் துண்டில் சுற்றப்பட்ட கரிமூக்கு ஒன்று தெரிந்தது.

அப்போதே அப்பாவிடம் சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் சைக்கிளைத் திருப்பிவிடுவார், சுகி தெருவில் விழுந்து புரளுவாள் என்று எனக்குத் தெரியும். அது மட்டுமல்ல, அவள் என்ன செய்யப் போகிறாள் என்று பார்க்கும் ஆசையும் எனக்கு இருந்தது. உமலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

இந்தியச் சிப்பாய்கள் சந்திக்குச் சந்தி நின்ற காலம் அது என்பதை அந்தக் கணத்தில் நான் மறந்துவிட்டிருந்தேன்.

சந்தியில் மண்மூட்டை அடுக்கிய காவலரண் ஒன்றிருந்தது. 'சென்றி' என்போம். சுகியை மட்டும் பாரில் விட்டுவிட்டு நாங்கள் இறங்கிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வரிசையில் போனோம். எங்கள் முறை வந்ததும் ஒரு சிப்பாய் துவக்கின் முனையால் என் கையிலிருந்த உமலைக் காட்டினான். அப்பா சாதாரணமாகச் சொன்னார்:

"பிள்ளையின்ரை உடுப்பு."

அவர் சொல்லி முடிக்கவும் உமல் ஒருபக்கமாகத் துள்ளவும் சரியாக இருந்தது.

சிப்பாய் இரண்டடி பின்னால் பாய்ந்தான். துவக்கு நிமிர்ந்தது. எங்களுக்கு விளங்காத மொழியில் கத்தினான், மண்மூட்டைக்குப் பின்னாலிருந்து இன்னும் இரண்டு பேர் வெளியே வந்தார்கள். வரிசையில் நின்ற ஆட்கள் சத்தமில்லாமல் விலகினார்கள். அப்பாவின் முகத்தை நான் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை, அதற்குப் பிறகும் காணவில்லை. அவருக்கு உமலுக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாது. தெரிந்தவள் நான். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

சுகிதான் பாரிலிருந்து வழுக்கி இறங்கி, எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சுடாதேங்கோ. உள்ளுக்கை எங்கடை பெரியக்கா."

பின்னால் வந்தவர்களில் ஒருவருக்குத் தமிழ் தெரிந்திருந்தது. ஒரு பனையோலைப் பையையும் அதற்குள் இருப்பதாகச் சொல்லப்பட்ட பெரியக்காவையும் அவரால் பொருத்திப் பார்க்க முடியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. யாருடைய அக்கா என்று கேட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் மூத்தவ, பல்லுக்கு வருத்தம், டொக்டரிட்டைக் கொண்டுபோறம் என்று சுகி விளக்கினாள். அவர் என்னைப் பார்த்துத் திறக்கச் சொன்னார். கயிற்றை அவிழ்த்தேன். சீலைத் துண்டுக்குள்ளிருந்து சிமினியின் தலை வெளியே வந்தது. வெயிலில் கண்ணைச் சுருக்கி, மூன்று துவக்குகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு, வாயை அகலத் திறந்து ஒரு நீளமான கொட்டாவி விட்டது. அந்த வாயில் காட்டுவதற்கு அதிகம் இல்லை. பக்கத்தில் நின்ற சுகியும், ஒரு சாட்சிக்குப்போலத் தன் வாயைத் திறந்து தன் ஓட்டையைக் காட்டினாள்.

தமிழ் தெரிந்தவர் மற்ற இருவருக்கும் ஏதோ சொன்னார். முதலில் கத்தியவன் துவக்கைத் தாழ்த்தி, தலையில் கையை வைத்துக்கொண்டு, மண்மூட்டையில் குந்திவிட்டான். பிறகு தோள் குலுங்கச் சிரிக்கத் தொடங்கினான். வரிசையில் நின்ற எங்கள் சனமும் சிரித்தது. அந்தச் சந்தியில் இரு பக்கத்தாரும் சேர்ந்து சிரித்ததை நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

"பெரியக்காவைப் பத்திரமா கூட்டிட்டுப் போங்க" என்றார் அவர். சுகி தலையை ஆட்டினாள்.

அப்பா கொஞ்சத் தூரம் மிதித்துவிட்டு ஒரு வேப்பமரத்தடியில் சைக்கிளை நிறுத்தினார். தெருவோரக் குழாயில் முகம் கழுவினார். திரும்பி வந்து என்னை மட்டும் பார்த்து, உமலுக்குள் பூனை இருப்பது தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. என் தலையில் கையை வைத்து அழுத்திக்கொண்டு நெடுநேரம் நின்றார். இனி ஒன்றையும் ஒளித்துக் கொண்டுவரக்கூடாது என்று சுகிக்குச் சொன்னார். சுகி நிதானமாகச் சொன்னாள்:

"நான் ஒளிக்கேல்லை அப்பா. மூடித்தான் வைச்சனான்."

டொக்டரம்மா உயரமானவர், நரைத்த தலை, மூக்குக்கண்ணாடி. சுகி கதிரையில் ஏறி இருந்து, கேட்கும் முன்னே வாயைத் திறந்தாள். தூணைக் கட்டிப்பிடித்த பிள்ளை இதுதானா என்று எனக்கே ஐமிச்சமாக இருந்தது. குறட்டால் பல் வந்தது. இரத்தம் வந்தது. கண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்ததே தவிர சத்தம் வரவில்லை. டொக்டரம்மா பாராட்டிக்கொண்டே பல்லைக் குப்பைக் கிண்ணத்தில் போடப் போனார். சுகி பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வாயில் பஞ்சோடு சொன்னாள்:

"எறியாதேங்கோ. அதைப் பெரியக்காவுக்கு வையுங்கோ."

அப்போதுதான் எங்களுக்கு எல்லாம் விளங்கியது. அணில் கைவிட்டுவிட்டது. ஆகவே அவள் தன்னுடையதைக் கொடுக்க வந்திருக்கிறாள். தன்னைக் கட்டிலுக்குக் கீழே ஒளிக்கவைத்த அந்தப் பல்லை அதற்காகத்தான் பிடுங்க விட்டாள்.

டொக்டரம்மா எங்கள் மூவரையும், நான் திறந்து காட்டிய உமலையும் மாறி மாறிப் பார்த்தார். தான் மனிதருக்குப் பல் பார்க்கிறவள் என்று சொல்லப்போனவர், சுகியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அளவு பார்ப்போம் என்றார். பூனையைக் கொல்லைப்புற விறாந்தைக்குக் கொண்டுவரச் சொன்னார். அப்பா சீலைத் துண்டால் சுற்றிப் பிடிக்க, சுகி தாடையைத் திறக்க, டொக்டரம்மா ரோச் லைற்றை அடித்துக் குனிந்து பார்த்தார். பார்த்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு என்னிடம் உள்ளேயிருந்து சின்னக் குறட்டை எடுத்து வரச் சொன்னார்.

மேலண்ணத்தில் குறுக்காக ஒரு மீன் முள் இறுகியிருந்தது. அதைச் சுற்றிச் சதை வீங்கிச் சிவந்திருந்தது. ஒரு இழுவையில் வந்துவிட்டது. சிமினி ஒருமுறை வீரிட்டு, அப்பாவின் கையைக் கீறி, விறாந்தை ஓரத்துக்குப் பாய்ந்து, நாக்கால் வாயைச் சுற்றிச் சுற்றித் துழாவியது. இத்தனை நாளும் எங்கள் பூனை வயதினால் பட்டினி கிடக்கவில்லை, முள்ளினால் கிடந்திருக்கிறது.

முள்ளைச் சுகியின் உள்ளங்கையில் வைத்துவிட்டு டொக்டரம்மா சொன்னார்:

"உன்ரை பல்லு பெரிசு, பிள்ளை. இவவின்ரை வாய்க்குக் கொள்ளாது. இவவுக்கு இனிப் பல்லும் தேவையில்லை, சோத்தைக் குழைச்சுக் குடுங்கோ."

பூனையை அவரும் 'இவ' என்று சொன்னது சுகிக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்றால், வீடு வந்து சேரும்வரை அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். அப்பா பெரிய தெருவை விட்டு, தோட்டங்களுக்கு நடுவே ஒழுங்கை ஒழுங்கையாகச் சுற்றி எங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

நடந்ததைக் கேட்ட அம்மா முதலில் எங்கள் மூவரையும் ஏசினா. பிறகு குசினிக்குள் போய் அழுதா. பிறகு மீன் பொரித்தா. சுகிக்கும் கடிக்க இயலாது, சிமினிக்கும் கடிக்க இயலாது. ஒரே சட்டியில் மீனையும் சோற்றையும் மசித்து, இரண்டு கோப்பையில் போட்டு, இரண்டு கிழவிகளும் வந்து தின்னுங்கோ என்று கூப்பிட்டா. சிமினி தலையை எடுக்காமல் தின்றது. கோப்பையை நக்கி நக்கி, நிலத்தில் ஒரு முழத் தூரம் தள்ளிக்கொண்டு போனது. அந்தக் கோப்பை சீமெந்தில் உரசிய சத்தம்தான் அந்த வருடத்தில் நான் கேட்ட மிக நல்ல சத்தம். பின்னேரம் சுகி தன் பல்லைக் கூரையில் எறிந்தாள். தனக்கொன்று கேட்டுவிட்டு, பெரியக்காவின் அலுவலைத் தாங்களே பார்த்துவிட்டதாகவும், அதை விட்டுவிடலாம் என்றும் அணிலுக்கு அறிவித்தாள்.

நானும் அன்றிலிருந்து சிமினியைப் பெரியக்கா என்றே கூப்பிடத் தொடங்கினேன். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. சந்தியில் என் நாக்கு எழாத நேரத்தில் நடந்ததற்குப் பிறகு, பதவி பற்றிய கோபம் எனக்கு எப்படியோ இல்லாமல் போயிருந்தது.

பெரியக்கா அதன் பிறகு ஒன்றரை வருடம் இருந்தது. கொழுத்தது. மீன்காரரின் ஹோர்னுக்குப் படலையடிக்குப் போனது. மாமரத்தடியில் படுத்துக்கிடக்க, அணில்கள் அதன் வாலுக்குப் பக்கத்தால் ஓடித் திரிந்தன. ஒரு மத்தியானம் வாழையடி நிழலில் நித்திரை கொண்டது எழும்பவில்லை. அப்பா தேசிமரத்தடியில் கிடங்கு வெட்டினார். எங்களோடு வந்து நின்ற சுகிக்கு அப்போது ஏழு வயது. மண் போட்டு முடிந்ததும், வீட்டுக்கு வந்துபோகும் எல்லோரிடமும் சொல்லப் பழக்கியபடியே, "போட்டு வாங்கோ, பெரியக்கா" என்றாள். செத்த வீட்டில் 'வாங்கோ' என்று சொல்லக்கூடாது என்று தடுக்க அம்மா வாயெடுத்தா. அப்பா கையைக் காட்டி மறித்துவிட்டார்.

எல்லாம் போய்விட்டது. தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து ஊரோடு ஊராகப் புறப்பட்டபோது அலுமாரியில் விட்டுவிட்டுப் போன பட அல்பங்கள் திரும்பி வந்தபோது இல்லை. அலுமாரியும் இல்லை. அப்பா போய்ப் பதினைந்து வருடமாகிறது. அம்மா போன தை மாதம் போனா. சுகி நல்லூரில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டரில் வந்து இறங்குவாள், வந்தால் இந்தக் கதையைப் பிள்ளைகள் என்னிடம்தான் கேட்பார்கள். சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் ஓரிடத்தில் நாங்கள் இருவரும் மல்லுக்கு நிற்போம். பெரியக்காவின் கண் மஞ்சள் என்பேன் நான். பச்சை என்பாள் அவள். காட்டுவதற்கு ஒரு படம் இல்லை. அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். கடைசி இரண்டு வருடமும் அவ என்னோடுதான் இருந்தா, தினமும் எவ்வளவோ கதைத்தோம். அதை மட்டும் கேட்டு வைக்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.